ஓதமும் ஊராட்சியும்

கடலோரச் சிறுநகரம் ஒன்றின் உள்ளாட்சி எவ்வளவு திறமையானது என்பதை அதன் அலுவலகக் கட்டடத்தையோ ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தையோ பார்த்து அறிவதைவிட, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், கடல் பெருகி நிற்கும் வேளையில், அந்நகரத்தின் கடைசித் தெருவில் கிடக்கும் சாக்கடையைப் பார்த்து அறிவது எளிது. மலேசியத் தமிழர் பேச்சில் மலாய்ச் சொல்லை ஒட்டி லோங்காங் என்று வழங்கும் அந்தத் திறந்த சிமெண்டுக் கால்வாய், மழைநீரை வாங்கி ஆற்றுக்கோ கடலுக்கோ கொண்டு சேர்ப்பதற்காகக் கட்டப்பட்டது. அது நிறைந்து, நின்று, சில வேளைகளில் எதிர்த்திசையில் ஓடித் தெருவுக்குள் ஏறும்போது, குப்பை அள்ளவில்லை, மண் வாரவில்லை, ஒப்பந்தக்காரர் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்னும் முறையீடுகள் எழுகின்றன. அவற்றில் உண்மை உண்டு. ஆயினும், குப்பையும் மண்ணும் முற்றிலும் அகற்றப்பட்ட கால்வாய்கூட, கடல் இடங்கொடாத நேரத்தில் வடிவதில்லை. அந்த நேரம் எது, அது எவ்வளவு நீளம், அதற்குள் சேரும் நீரை எங்கே நிறுத்தி வைப்பது என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த ஒருவர் ஊரின் நிர்வாகத்தில் இருக்கிறாரா என்பதே கடலோர உள்ளாட்சியின் உண்மையான சோதனையாகும்.

ஜொகூர் மாநிலத்தின் தென்கிழக்குப் பகுதி இக்கேள்வியை ஆராய்வதற்கு ஏற்ற இடமாக அமைவதற்குக் காரணம், அங்குள்ள நகரங்களிற் பல தாமாக வளர்ந்த ஊர்கள் அல்ல, திட்டமிட்டு நிறுவப்பட்டவை என்பதுதான். 1972ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றால் தோற்றுவிக்கப்பட்டு, மலாய்ப் பெயரின் சுருக்கமாகக் கெஜோரா என்று அறியப்படும் ஜொகூர் தெங்காரா மேம்பாட்டு வாரியம், அடர்ந்த காடாக இருந்த பெருநிலப்பரப்பைச் செம்பனைத் தோட்டங்களாகவும் குடியேற்றங்களாகவும் மாற்றும் பணியை மேற்கொண்டபோது, அவற்றுக்கு நடுவே புதிய நகரங்களையும் எழுப்பியது. உள்நாட்டில், இன்று கூலாய் மாவட்டத்துக்குள் அடங்கும் பண்டார் தெங்காராவும், தென்சீனக் கடலோரத்தில் டெசாருக் கடற்கரைக்கு அருகில் அமைந்த பண்டார் பெனாவாரும் அந்த ஒரே திட்டத்தின் இரு பிள்ளைகள். இந்நகரங்களை உருவாக்கிய மேம்பாட்டு வாரியத்துக்கே அவற்றின் உள்ளாட்சிப் பொறுப்பும் நெடுங்காலம் உரியதாக இருந்தது. அதாவது, வீடு கட்டிக் கொடுத்த நிறுவனமே சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் வரிக்கும் பொறுப்பாக இருந்தது. கடந்த பத்தாண்டில் கடலோரப் பகுதியின் பெங்கெராங்குக்கென்று தனி உள்ளாட்சி அமைப்பு தோன்றி, அது இன்று நகராண்மைக் கழகமாக விளங்குகிறது. பெயரும் எல்லையும் மாறினாலும், ஒரு நூற்றாண்டுக்கு முன்பு வகுக்கப்பட்டிருந்தாலும் இன்று வகுக்கப்பட்டாலும் மாறாத சில இயற்பியல் விதிகளுக்கு உட்பட்டே இந்த நகரங்களின் கால்வாய்கள் ஓடவேண்டியுள்ளன.

திறந்த கால்வாயில் நீர் ஓடுவதற்கு ஒரே காரணம் சரிவு. நீரின் எடை அதைக் கீழ்நோக்கி இழுக்க, கால்வாயின் சுவரும் அடித்தரையும் உராய்வால் அதைத் தடுக்க, இரண்டும் சமமாகும் வேகத்தில் நீர் நகர்கிறது. பொறியாளர்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பயன்படுத்திவரும் மானிங் சூத்திரத்தின்படி, இந்த வேகம் சரிவின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. சரிவு நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் வேகம் பாதியாகிறது. மலைச்சாரல் ஊர் ஒன்றில் நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்னும் சரிவு எளிதில் கிடைக்கும். கடலோரத்தில் ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு வேண்டுமென்றால்கூட, கடலிலிருந்து 2 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் தெரு, கடலைவிட 2 மீட்டர் உயரத்தில் இருந்தாக வேண்டும். அந்த 2 மீட்டர், கடல் எந்த மட்டத்தில் நிற்கும்போது அளக்கப்பட்டது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஏனெனில் கடலின் மட்டம் ஒரு நாளுக்குள்ளேயே அந்த அளவுக்கு ஏறி இறங்குகிறது.

கடல்நீர் நாள்தோறும் ஏறுவதையும் வற்றுவதையும் தமிழில் ஓதம் என்பர். நிலவின் ஈர்ப்பும் சூரியனின் ஈர்ப்பும் புவியின் சுழற்சியோடு சேர்ந்து உண்டாக்கும் இந்த அசைவு, ஜொகூரின் கரைகளில் பெரும்பாலும் நாளுக்கு இரண்டு ஏற்றங்களாகவும் இரண்டு வற்றங்களாகவும், ஆனால் இரண்டும் ஒரே உயரமில்லாமலும் நிகழ்கிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் செல்வதால், ஏற்றத்தின் நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகிறது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி, நிலவும் சூரியனும் ஒரே கோட்டில் நின்று இழுக்கும்போது பேரோதம் வருகிறது. அப்போது ஏற்றம் மிக உயர்ந்தும் வற்றம் மிகத் தாழ்ந்தும் நிற்கும். இவை அனைத்தும் ஆண்டுக்கணக்கில் முன்கூட்டியே கணித்துச் சொல்லக்கூடியவை. மலேசியக் கடற்படையின் தேசிய நீரியல் வரைவு மையம் ஆண்டுதோறும் ஓத அட்டவணையை அச்சிட்டே வெளியிடுகிறது. மீனவர் அதைப் பார்த்துப் படகை இறக்குகிறார். சாக்கடை வாருபவரின் வேலை அட்டவணையும் அதைப் பார்த்தே அமைய வேண்டும். ஏனெனில், ஏற்றம் நிற்கும்போது வாரப்படும் மண்ணும் குப்பையும் நகராமல் அங்கேயே தங்குவதும், வற்றம் தொடங்கும் வேளையில் திறந்துவிடப்படும் கால்வாய் தன்னைத்தானே அலசிக்கொள்வதும் ஒரே இயற்பியலின் இரு பக்கங்கள்.

அட்டவணைக்குள் அடங்காத மற்றொன்று காற்று. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலின் மேற்பரப்பு நீரைத் தொடர்ந்து தென்மேற்காகத் தள்ளுவதால், மலேசியத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் அந்த மாதங்களில் சராசரிக் கடல்மட்டமே சில பத்து சென்டிமீட்டர் உயர்ந்துவிடுகிறது. அதே மாதங்களில்தான் பெருமழையும் பெய்கிறது. மழையின் உச்சமும் கடலின் உச்சமும் ஒரே காலத்தில் விழுவது தற்செயல் அன்று, இரண்டையும் கொண்டுவருவது ஒரே காற்று. ஆண்டு முழுவதற்குமான சராசரிக் கணக்கை வைத்துக் கட்டப்படும் கடலோரக் கால்வாய், தனக்கு மிகவும் தேவைப்படும் மாதத்தில் மிகவும் குறைந்த சரிவைப் பெறுகிறது. அதோடு, அலைகள் கரையோரமாக நகர்த்திவரும் மணல், சிற்றாறுகளின் வாயில் திட்டாகக் குவிந்து அவற்றை அடைக்கவும் செய்கிறது.

இந்நிலையில் பொறியாளர் செய்யக்கூடிய பழமையான ஏற்பாடு, கால்வாய் கடலைச் சந்திக்கும் இடத்தில் மேல்விளிம்பில் கீல் வைத்த ஒரு கதவைத் தொங்கவிடுவதாகும். உள்ளே நீர் உயர்ந்திருந்தால் அது கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். கடல் உயர்ந்திருந்தால் கடலே கதவை அழுத்தி மூடிவிடும். மின்சாரமோ காவலாளியோ தேவையில்லாத இந்த எளிய சாதனம், ஒரே ஒரு தேங்காய் மட்டையோ நெகிழிக் கூடையோ கதவிடுக்கில் சிக்கினால் மூடாமல் நின்று, கடலையே ஊருக்குள் அழைத்துவரும் வழியாக மாறிவிடுகிறது. கதவு சரியாக மூடினாலும் வேறொரு கணக்கு எஞ்சுகிறது. கதவு மூடியிருக்கும் நேரத்தில் பெய்யும் மழை எங்கே போவது? எடுத்துக்காட்டாக, 100 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு சிறுநகரில், கதவு மூடியிருக்கும் 4 மணி நேரத்தில் 60 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் பத்தில் ஏழு பங்கு மண்ணுக்குள் இறங்காமல் வழிந்தோடுவதாகக் கொண்டால், 42,000 கன மீட்டர் நீர் சேரும். ஒரு கால்பந்துத் திடலின் மீது அதைத் தேக்கினால் ஏறத்தாழ 6 மீட்டர் உயரம் நிற்கும். அதை உடனுக்குடன் இறைத்து வெளியேற்ற வேண்டுமானால், விநாடிக்கு ஏறக்குறைய 3 கன மீட்டர் இறைக்கும் எந்திரங்கள் 4 மணி நேரமும் ஓய்வின்றி ஓட வேண்டும். எந்திரத்துக்குப் பணமில்லாத ஊர், நீர் தங்குவதற்கான குளத்துக்கு நிலம் ஒதுக்க வேண்டும். நிலமும் ஒதுக்காத ஊரில் அந்த 42,000 கன மீட்டர் தனக்குரிய இடத்தை வீடுகளின் கூடங்களில் தேடிக்கொள்ளும்.

கடல்மட்ட உயர்வு என்னும் உலகளாவிய செய்தி ஒரு சிறுநகரத்துக்கு என்ன பொருள் தருகிறது என்பதும் இக்கதவின் வழியாகவே தெளிவாகும். பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவின் ஆறாவது மதிப்பீட்டின்படி, உலகச் சராசரிக் கடல்மட்டம் 1901க்கும் 2018க்கும் இடையில் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2006 முதல் 2018 வரை அதன் வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டராக இருந்தது. இதைக் கேட்கும் ஒருவர், கரையோர வீடுகள் மூழ்கும் நாளை எண்ணிப் பார்த்து, அது தொலைவில் இருப்பதாக ஆறுதல் கொள்ளக்கூடும். கதவின் கணக்கு வேறு. சராசரி மட்டத்துக்கு மேல் 1 மீட்டரும் கீழ் 1 மீட்டரும் ஏறி இறங்கும் ஓதத்தையும், சராசரிக்கு அரை மீட்டர் மேலே நிற்கும் கால்வாய் நீரையும் எடுத்துக்கொண்டால், கடல் அதைவிடத் தாழ்ந்து, கதவு திறந்திருக்கக்கூடிய நேரம் நாளுக்கு 16 மணி. கடல் 30 சென்டிமீட்டர் உயர்ந்தால் அது பதின்மூன்றரை மணியாகக் குறைந்துவிடும். தெரு எதுவும் மூழ்கவில்லை, கரையில் மாற்றம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் ஊர் வடிவதற்குக் கிடைத்த நேரத்தில் நாளுக்கு இரண்டரை மணி பறிபோய்விட்டது. இதில் எதிர்காலத்துக்காகக் காத்திருக்கத் தேவையும் இல்லை. பருவக்காற்று டிசம்பரில் கடலை உயர்த்தும்போது ஏறத்தாழ இதே இழப்பு இன்றைக்கே நிகழ்ந்துகொண்டிருக்கிறது.

கால்வாய்க்குள் வந்து சேரும் நீரின் அளவைக் கணிக்கப் பயன்படும் அடிப்படைச் சமன்பாடு மூன்று எண்களின் பெருக்கல்: நிலத்தின் பரப்பு, மழையின் கடுமை, வழிந்தோடும் விகிதம். மூன்றாவது எண், பெய்த மழையில் எத்தனை பங்கு மண்ணுக்குள் இறங்காமல் மேற்பரப்பில் ஓடுகிறது என்பதைக் குறிக்கும். 10 ஹெக்டேர் நிலத்தில் மணிக்கு 100 மில்லிமீட்டர் என்னும் கடுமையில் மழை பெய்யும்போது, அந்நிலம் புல்லும் மரமுமாக இருந்து விகிதம் 0.3ஆக இருந்தால், விநாடிக்கு 0.83 கன மீட்டர் நீர் வரும். அதே நிலம் கூரையும் தாரும் சிமெண்டுமாக மாறி விகிதம் 0.9ஆகிவிட்டால் 2.5 கன மீட்டர் வரும். மழை மாறவில்லை, நிலம் வளரவில்லை, கால்வாயும் அதே கால்வாய்தான்; நீர் மட்டும் மூன்று மடங்கு. இம்மூன்று எண்களில் மழையின் கடுமை வானத்துக்கு உரியது, பரப்பு நிலவியலுக்கு உரியது. மூன்றாவது எண் ஒன்றே உள்ளாட்சியின் கையில் இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் நகர, ஊரமைப்புத் திட்டச் சட்டத்தின்படி திட்டமிடல் அனுமதி வழங்கும் அதிகாரம் ஊராட்சி மன்றத்துக்கு உரியதாகையால், கடைவீடுகளுக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் அனுமதிக் கடிதத்தில் இடப்படும் ஒவ்வொரு கையெழுத்தும் அந்த எண்ணைச் சிறிது உயர்த்துகிறது. இதை உணர்ந்தே, வடிகால் நீர்ப்பாசனத் துறை 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நகர மழைநீர் மேலாண்மைக் கையேடு, கட்டடம் எழுந்த பிறகு ஓடிவரும் நீரின் உச்சம், கட்டடத்துக்கு முன்பிருந்த உச்சத்தை மிஞ்சக்கூடாது என்னும் நெறியை வகுத்து, தடுப்புக் குளங்களை வலியுறுத்தியது. பெரிய நகரங்களில் இந்நெறியைச் சரிபார்க்கப் பொறியாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் வீட்டின் முன்புறத்தைச் சிமெண்டு பூசி இன்னொரு காருக்கு இடம் செய்துகொள்ளும் வழக்கம் தெருத்தெருவாகப் பரவும்போது, கையேட்டின் எந்தப் பக்கமும் அதைத் தடுப்பதில்லை.

கடலோர நகரத்தின் கால்வாயை அடைப்பது உள்ளூர்க் குப்பை மட்டுமல்ல என்பதை உணர்வதற்குப் பண்டார் தெங்காராவை மீண்டும் நோக்க வேண்டும். கடலை ஒட்டாத அந்நகரைச் சூழ்ந்த நிலத்தில் விழும் மழை, ஏறத்தாழ 122 கிலோமீட்டர் நீளமுள்ள ஜொகூர் ஆற்றின் படுகைக்கு உரியது. அப்படுகையிலேயே, ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 1990இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி கட்டப்பட்ட லிங்கியூ நீர்த்தேக்கமும் இருக்கிறது. காடு மூடிய மண்ணில் மழைத்துளி நேரடியாக அடிப்பதில்லை. இலைகளும் சருகும் அதன் விசையை வாங்கிக்கொள்கின்றன. காடு வெட்டப்பட்டுச் செம்பனைக் கன்று வளர்ந்து நிழல் தரும்வரை உள்ள சில ஆண்டுகளில் நிலம் வெறுமையாகக் கிடக்கும்போதும், மறுநடவுக்காகப் பழைய மரங்கள் சாய்க்கப்படும்போதும், மண் துகள்கள் பெயர்ந்து ஓடைக்கு வருகின்றன. வேகமாக ஓடும் நீர் துகளைச் சுமக்கும். வேகம் குறைந்த இடத்தில் அதை இறக்கிவைக்கும். வேகம் குறையும் இடம், சரிவு தீர்ந்துபோன கடலோரமும் ஓதம் எதிர்த்து நிற்கும் ஆற்றின் கீழ்ப்பகுதியுமாகும். மேட்டு நிலத்தில் மண் பெயர்வதற்குக் காரணமானவர் ஒருவர், தாழ்நிலத்தில் அதை வாருவதற்குப் பணம் செலுத்துபவர் வேறொருவர். இருவரும் வெவ்வேறு மன்றங்களின் எல்லைக்குள் வாழ்கிறார்கள்.

இத்தனையும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கோத்தா திங்கி 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கண்டது. ஜொகூர் ஆற்றின் ஓதம் எட்டும் பகுதியில் அமைந்த அந்நகரம், சில வாரங்களுக்குள் இரண்டு முறை மூழ்கியது. முதல் மழையால் நிறைந்த மண் இரண்டாவது மழையை உறிஞ்ச இயலாமற் போனதும், மேற்படுகையிலிருந்து வந்த பெருக்கு, ஓதத்தால் மெதுவாக வடியும் கீழ்ப்பகுதியில் தேங்கியதும் இரண்டாவது வெள்ளத்தை முதலாவதைவிடக் கடுமையாக்கின. ஜனவரியில் ஆற்றின் மட்டம் 5.45 மீட்டரை எட்டியது. நகரத்தின் சாக்கடைகளை முந்தைய நாள்வரை பளிச்சென்று வாரிவைத்திருந்தாலும் அந்த நீரைத் தடுத்திருக்க முடியாது. ஆனால் எந்தத் தெரு முதலில் மூழ்கும், எந்தப் பாலம் முதலில் துண்டிக்கப்படும், எந்த வீட்டில் நடமாட முடியாத முதியவர் இருக்கிறார் என்பதை முன்பே அறிந்திருப்பது ஊர்மட்ட நிர்வாகம் ஒன்றுக்கே இயலும்.

உள்ளாட்சி என்னும் நிறுவனம் மலாயாவில் பிறந்ததே வடிகாலுக்காகத்தான் என்பதை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். கோலாலம்பூரின் முதல் உள்ளாட்சி அமைப்பு 1890இல் தோன்றியபோது அதன் பெயர் சுகாதார வாரியம். குப்பை, மலம், சாக்கடை, தீ ஆகியவையே அதன் அக்கறைகள். 1897இல் ரொனால்ட் ராஸ் மலேரியாவுக்குக் கொசுவே காரணம் என்று காட்டிய நான்கு ஆண்டுகளில், கிள்ளானின் மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், அந்த அறிவைச் சதுப்பு நிலத்தின் மீது பயன்படுத்திப் பார்த்தார். 1901 செப்டம்பரில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகம், இன்றைய கோலக்கிள்ளான், அலையாத்திச் சேற்றில் எழுந்ததாகையால், அங்கு வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களிடையே மலேரியா பரவித் துறைமுகமே ஸ்தம்பித்தது. சதுப்பைச் சுற்றி வரம்பெழுப்பி, உள்நிலத்தில் கால்வாய் வெட்டி, ஓதம் உள்ளே வராமல் காத்து, நீரை வெளியே விட்டபோது நோய் பெரிதும் அடங்கியது. தடுப்பூசி எதுவும் இல்லாத காலத்தில், கால்வாய்களைக் கொண்டே ஒரு தொற்றுநோய் அடக்கப்பட்டது. அக்காலத்து மலாயாவில் பொதுப்பணிகளுக்கும் நகர்த் துப்புரவுக்கும் உழைத்த தொழிலாளரில் பெரும்பகுதியினர் தமிழர். அவர்களது மண்வெட்டியின் வேலை மருத்துவ வரலாற்றின் ஒரு பகுதி என்பதைத் தமிழ் வாசகர் பெருமையோடு நினைக்கலாம். அந்தப் பாடம் இன்றும் செல்லுபடியாகும்: தேங்கிய அழுக்குநீரில் க்யூலெக்ஸ் கொசு பெருகுகிறது, வெள்ளம் வடிந்தபின் சட்டியிலும் டயரிலும் எஞ்சும் தெளிந்த நீரில், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள்களுக்குள் வந்துவிடுகிறது.

சுகாதார வாரியக் காலத்தில் ஒரே கையில் இருந்த பணி இன்று பல கைகளுக்குப் பிரிந்திருக்கிறது. மலேசியக் கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி உள்ளாட்சியும், ஆறுகளும், வண்டல் மண் கட்டுப்பாடும் மாநிலத்தின் பட்டியலில் வருகின்றன. வடிகாலும் நீர்ப்பாசனமும் மத்திய, மாநில அரசுகளுக்குப் பொதுவான பட்டியலில் வருகின்றன. நடைமுறையில், குடியிருப்புக்குள் ஓடும் சாக்கடையைக் கட்டுவதும் பழுதுபார்ப்பதும் 1974ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி ஊராட்சி மன்றத்தின் வேலை. நெடுஞ்சாலையை ஒட்டிய கால்வாய் பொதுப்பணித் துறையுடையது. அது சென்று சேரும் ஆறும் முகத்துவாரமும் வடிகால் நீர்ப்பாசனத் துறையின் பொறுப்பு. கழிவுநீர், 1993ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகு, தீபகற்பத்தின் பெரும்பாலான இடங்களில் மன்றங்களின் கையைவிட்டுப் போய்விட்டது. 2011 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திடக்கழிவு, பொதுத் துப்புரவு மேலாண்மைச் சட்டத்தை ஏற்ற மாநிலங்களுள் ஜொகூரும் ஒன்றாகையால், அங்கே குப்பை அள்ளுவதும் தெருவோரச் சாக்கடையைத் துப்புரவு செய்வதும் மத்திய அரசின் ஒப்பந்தம் பெற்ற நிறுவனத்தின் வேலையாகிவிட்டன. ஒரே மழைத்துளி, கூரையிலிருந்து கடல்வரை செல்லும் இரண்டு கிலோமீட்டர் பயணத்துக்குள் நான்கு நிர்வாகங்களைக் கடக்கிறது. ஒவ்வொரு துறையும் தன் பகுதியைச் செவ்வனே செய்தாலும், ஒரு பகுதி மற்றொன்றைச் சந்திக்கும் இணைப்புகளில்தான் நீர் நிற்கிறது. முறையீடு செய்பவர் மட்டும், மதிப்பீட்டு வரி கட்டிய ரசீதோடு, ஊராட்சி மன்றத்தின் வாசலிலேயே வந்து நிற்கிறார்.

அவ்வாசலின் உள்ளே அவருக்காகப் பேசக்கூடியவர் யார் என்னும் கேள்வி மலேசியாவில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் திறந்தே இருக்கிறது. 1951இல் ஜார்ஜ் டவுனில் தொடங்கி நாடெங்கும் பரவிய உள்ளாட்சித் தேர்தல்கள், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணங்காட்டி 1965 மார்ச்சில் நிறுத்திவைக்கப்பட்டன. அதே ஆண்டில், மேற்கு மலேசியாவின் ஊராட்சி மன்றங்களை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்கு, வழக்குரைஞரும் மேலவை உறுப்பினருமான தமிழர் ஆதி நாகப்பன் தலைமை தாங்கினார். 370க்கும் மேற்பட்ட மன்றங்கள் சிதறிக் கிடந்த நிலையை ஆராய்ந்து, 1968 டிசம்பரில் ஒப்படைக்கப்பட்ட அந்த அறிக்கை, நிர்வாகத்தை ஒழுங்குபடுத்தச் சொன்னதோடு, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் தொடர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. முதற்பகுதி ஏற்கப்பட்டது, இரண்டாவது பகுதி ஏற்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் மன்றங்களைப் பெரிய அலகுகளாக இணைத்து, தேர்தல் ஏற்பாடுகளைச் செயலற்றதாக்கி, தலைவரோடு 8 முதல் 24 வரையிலான உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்க வழிசெய்தது. பினாங்கு மாநிலம் தேர்தலை மீட்க 2012இல் இயற்றிய சட்டமும் 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. தமிழர் ஒருவர் தலைமையில் உழைத்துத் தயாரித்த அந்த அறிக்கை, மலேசியத் தமிழரிடையே அதற்குரிய அளவில் பேசப்படாமற் போனது வருந்தத்தக்கது.

தேர்தல் வந்துவிட்டால் சாக்கடை தானே வடிந்துவிடும் என்று கொள்வதும் பிழையாகும். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சி மன்றம் இருந்தது. அதன் பதவிக்காலம் 2016இல் முடிந்த பிறகு, 2022 பிப்ரவரிவரை தமிழகத்தின் நகர்ப்புற உள்ளாட்சிகள் தேர்தலின்றித் தனி அலுவலர்களின் கையிலேயே இருந்தன என்பதும் உண்மை. பிரதிநிதித்துவமும் நீரியல் அறிவும் ஒன்றுக்கொன்று மாற்று ஆகமாட்டா. இரண்டும் சேர வேண்டும். அவ்வாறு சேர்ந்த எடுத்துக்காட்டு நெதர்லாந்தில் இருக்கிறது. நிலத்தின் ஒரு பகுதி கடல்மட்டத்துக்கும் தாழ்ந்திருக்கும் அந்நாட்டு மக்கள், பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்தே கரையையும் கால்வாயையும் காக்கத் தனி நீர் மன்றங்களை வைத்துவருகின்றனர். அவற்றின் எல்லைகள் நீர் ஓடும் வழியைப் பின்பற்றி வரையப்பட்டவை; அவை தமக்கென்று வரி வசூலிக்கின்றன; இன்றுள்ள 21 நீர் மன்றங்களுக்கும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கிறது. ஒரு வடிகாலின் மேட்டுப்பகுதிக்கும் தாழ்பகுதிக்கும் ஒரே மன்றத்தில் இடம் கிடைப்பதால், மேலே பெயரும் மண்ணுக்குக் கீழே உள்ளவர் மட்டும் விலை கொடுக்கும் நிலை அங்கே எழுவது அரிது.

நியமன உறுப்பினர்களில் நேர்மையானவர்களும் உழைப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. பெரும்பான்மையோர் அந்தந்த ஊரில் வசிப்பவர்களாக இருக்க வேண்டும் என்று சட்டமே கூறுகிறது. ஆனால் ஒரு குறிப்பிட்ட தெருவின் மக்களுக்குப் பதில்சொல்லக் கடமைப்பட்ட உறுப்பினர், அந்தத் தெருவில் நீர் எத்தனை மணிக்கு ஏறியது, எந்தப் பக்கமிருந்து வந்தது, உப்புக் கரித்ததா என்பனவற்றை இடைவிடாமல் பதிவுசெய்யும் கருவியைப் போன்றவர்; அத்தகைய தகவலை எந்தத் துறையின் அளவுமானியும் தருவதில்லை. கடைசிக் கேள்வி சிறியதாகத் தோன்றினாலும் முதன்மையானது. உப்புக் கரித்தால் கடல் உள்ளே வந்திருக்கிறது, கதவைப் பார்க்க வேண்டும். கரிக்காவிட்டால் மழை வெளியேறவில்லை, நீர் தங்கும் குளத்தைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு, பொறுப்பான துறை வேறு, செலவு வேறு. இந்த வேறுபாடு தெரியாமல் ஆண்டுதோறும் சாக்கடையின் சுவரை மட்டும் உயர்த்திக் கட்டுவது பணத்தை நீரில் போடுவதாகவே முடியும்.

ஆகவே கடலோரச் சிறுநகரங்களின் குடியிருப்போர் சங்கங்களும், கோயில், பள்ளி நிர்வாகக் குழுக்களும், தத்தம் தெருவில் நீர் ஏறிய நாளையும் நேரத்தையும் உயரத்தையும் சுவையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, அந்நாளின் ஓத அட்டவணையையும் மழையளவையும் அதன் பக்கத்தில் சேர்க்க வேண்டும். மூன்று பருவமழைகளின் பதிவு கையில் இருந்தால், பழுது கதவிலா, குளத்திலா, மேற்படுகையிலா என்பது ஏறத்தாழத் தெளிவாகிவிடும். அந்தக் குறிப்பேட்டோடு செல்வதற்கு ஓர் இடமும் இருக்கிறது: 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, மன்றம் அக்கூட்டத்தில் வேறு விதமாகத் தீர்மானித்தாலொழிய, ஊராட்சி மன்றத்தின் முழுக்கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தவை.